தங்கூசித் துண்டும் பதினாலாம் நாளும்

டொக்டர் பரமலிங்கம் காலமான செய்தி எனக்குக் கடையில் வைத்துத்தான் வந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். குச்சவெளித் தவராசாவுக்கு வலை அளந்துகொண்டிருந்தேன். தொலைபேசியில் டொக்டரின் மனைவி; முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல என்னை "நானா" என்றுதான் கூப்பிடுவார். "நானா, அவர் போயிட்டார்" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "கஷ்டப்பட்டவரா அக்கா?" என்பதுதான். "இல்லை நானா. வாய் கழுவிப்போட்டு வந்து கதிரையில இருந்தவர். தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறதுக்குள்ள முடிஞ்சுது" என்றார். மௌத்துச் செய்தி கேட்டால் எங்கள் ஆட்களின் வாயில் முதலில் வரும் வார்த்தை வேறு. எனக்கு "அல்ஹம்துலில்லாஹ்", இறைவனுக்கே புகழ், என்றுதான் வந்தது. அக்கா அதைப் பிழையாக எடுக்கவில்லை. ஒரு வருடமாக வலக்கை விழுந்துபோய் இருந்த மனிதருக்கு, படுக்கையில் கிடந்து பிறர் கையால் வாய் துடைக்க வேண்டி வந்துவிடுமோ என்ற ஒரே பயம்தான் இருந்தது. அது வராமல் போனார். அழுகையோடு அந்த நிம்மதியும் எனக்கு இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் மீன்பிடிச் சாமான் விற்கிறவன். அவருடைய படிப்பையும் சேவையையும் எழுதத் தெரிந்தவர்கள் எழுதுவார்கள். நான் என்னுடைய வாயைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். டொக்டருக்கு என்னைவிட என் வாயைத்தான் நன்றாகத் தெரியும்.

அவருடைய நாற்காலியில் படுத்த எவருக்கும் அந்த முதல் வசனம் ஞாபகம் இருக்கும்: "பல்லைப் பிறகு பார்ப்பம். முதல்ல முரசைக் காட்டுங்கோ." நான் முதன்முதலாகப் போனபோது என் முரசு, பல் ஈறு, வீங்கி, துலக்கினால் இரத்தம் வந்துகொண்டிருந்தது. கண்ணாடியைப் பிடித்து எனக்கே காட்டினார். "துலக்கிறது முன்னுக்கும் பின்னுக்கும்தான் போகும், நானா. ரெண்டு பல்லுக்கு நடுவில கிடக்கிற அழுக்குத்தான் முரசைத் தின்னுது. ஒவ்வொரு நாளும் நூல் விட்டு எடுங்கோ" என்றார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

என்ன நூல் என்று நான் கேட்கவில்லை. ஊரில் உள்ள நூலெல்லாம் என் கடையில் கிடக்கும்போது நான் ஏன் கேட்கப்போகிறேன்? உள்ளதில் மெல்லிய தங்கூசியில், அதுதான் தூண்டிலுக்குக் கட்டும் நைலோன் இழையில், ஒரு முழம் வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மீனின் கண்ணுக்கே தெரியாத இழை, பல்லுக்கா தெரியப்போகிறது என்று எனக்கு ஒரு பெருமை வேறு. இழுத்து இழுத்து எடுத்தேன். இரத்தம் வந்தது. அழுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கிழமைக்கு மேல் என்னால் ஏலவில்லை, விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கட்டாரில் இருக்கும் மகன் ஒரு மெசின் அனுப்பினான். பல்லிடுக்கில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் மெசின். நூலும் வேண்டாம் நோவும் வேண்டாம் என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் காட்டப் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, துப்பாக்கிபோல நீட்டிப் பிடித்து, "இதென்ன தண்ணித் துவக்கு?" என்றார். "நானா, தோணிக்கு அடியில பிடிச்ச பாசியைத் தண்ணி ஊத்திக் கழுவுவீங்களா, சுரண்டுவீங்களா?" என்று கேட்டார். எனக்கும் ரோசம் வந்துவிட்டது. "டொக்டர், என்ட விரலைப் பாருங்க. இதை வாய்க்குள்ள விட்டா எனக்கு மூச்சு முட்டுது. உங்கட நூலை நீங்களே வெச்சிக்கொள்ளுங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடுவதற்காக என் கடைக்குத் தங்கூசி வாங்க வருவார். வரும்போதெல்லாம் நூலா தண்ணியா என்ற சண்டை நடக்கும். சாமான் வாங்க வந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

இனி எழுதப்போவதை என் மனைவி பிள்ளைகளுக்குக்கூட நான் நெடுநாள் சொல்லவில்லை. நூலைக் கைவிட்டுச் சில காலத்தில், இடப்பக்கம் கீழ் முரசில் ஒரு கட்டி வந்தது. முதலில் பயறு அளவு. பிறகு கடலை அளவு. தொட்டால் இரத்தம். என்னுடைய காக்கா, என் மூத்த சகோதரர், வாய்ப் புற்றுநோயில் மௌத்தானவர். அவரும் வெற்றிலை போட்டவர், நானும் போடுகிறவன். அவருக்கும் இப்படி ஒரு கட்டியில்தான் தொடங்கியது. மூன்று மாதம் நான் எவருக்கும் சொல்லவில்லை. மெசினில் தண்ணீர் விட்டு அந்த இடத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன், கழுவினால் போய்விடும் என்பதுபோல. "ஏன் ஒரு பக்கத்தால சாப்பிர்றீங்க?" என்று மனைவி கேட்டபோது அவர்மேல் எரிந்து விழுந்தேன். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற பயம். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்வது.

கண்டுபிடித்தது டொக்டர். கடைக்கு வந்தவர் தங்கூசியை மறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன் நானா ஒரு பக்கத்தால கதைக்கிறீங்கள்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "கடையைச் சாத்துங்கோ" என்றார். பிறகு பார்ப்போம் என்றேன். அவரே போய்க் கதவைப் பாதி இழுத்துவிட்டார். கையைப் பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு போனார்.

விறைப்பு ஊசி போட்டு, வெளிச்சத்தைத் திருப்பி, கட்டியை மெல்லக் கீறினார். நான் கண்ணை மூடிக் கலிமாச் சொல்லிக்கொண்டிருந்தேன். இடுக்கி தட்டில் விழும் சத்தம் கேட்டது. பிறகு, "கண்ணைத் திறவுங்கோ" என்றார். வெள்ளைத் துணியில், அரிசியளவு நீளத்தில், கண்ணாடிபோல ஒரு துண்டு கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். ஒருவர் அதை விற்கிறவர், மற்றவர் அதை வாங்குகிறவர். எங்களுக்கா தெரியாது? "முப்பதாம் நம்பரா?" என்று இழையின் தடிப்பைக் கேட்டார். விறைத்த வாயோடு, "இருபத்தஞ்சு" என்றேன். மனிதர் கையுறையோடு சுவரில் சாய்ந்து நின்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை.

சிரித்து முடிந்ததும் அவருடைய முகம் மாறியது. "நானா, தங்கூசி எடுத்தாச்சு எண்டதுக்காக வேறொண்டும் இல்லையெண்டு நான் இப்ப சொல்லமாட்டன். பதினாலு நாள் பார்ப்பம். வத்தாட்டிப் பெரியாஸ்பத்திரியில சதை எடுத்துப் பார்க்க வேணும். பதினாலாம் நாள் கட்டாயம் வாங்கோ" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "என்ன நூல் எண்டு நான் உங்களுக்குச் சொல்லேல்லை. வலைக்கடைக்காரனிட்ட நூல் எண்டு மட்டும் சொல்லிவிட்டது என்ட பிழை." எத்தனை டொக்டர்மார் இப்படிச் சொல்வார்கள்?

பதினாலாம் நாள் நான் போகவில்லை. காலையில் சட்டை போட்டேன், கழற்றினேன். கட்டி சிறுத்ததுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. கண்ணாடியில் பார்க்கப் பயந்துகொண்டு கடையில் போய் இருந்துவிட்டேன். பதினொரு மணிக்கு டொக்டர் கையில் டோர்ச்சோடு கடைக்குள் வந்தார். சலாமும் இல்லை, வணக்கமும் இல்லை. "வாயைத் திறவுங்கோ" என்றார். வலைக் குவியலில் என்னைச் சாய்த்து, கடைக்கு வந்த ஆட்கள் பார்த்திருக்க, என் முரசை விரலால் தடவிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு டோர்ச்சை அணைத்து, "ஒண்டும் இல்லை" என்றார். நான் ஒரு சிறு பிள்ளையைப்போல அழுதுவிட்டேன். அன்றைக்குத்தான் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றோடு வெற்றிலையும் போனது.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. என் மெசினை இரவல் வாங்கிக்கொண்டுபோய் ஒரு மாதம் தானே பாவித்துப் பார்த்தார். நூல்கட்சிக்காரர் மெசினைத் திருப்பித் தரும்போது கட்சி மாறவில்லை, ஆனால் சண்டையை நிறுத்திவிட்டார். "பல்லில ஒட்டிக்கிடக்கிறதை வழிச்செடுக்க நூல்தான் நானா. ஆனா முரசில இரத்தம் குறையுது, அது உண்மை. கம்பி போட்ட பிள்ளையள், கட்டுப்பல்லுக்காரர், உங்களைப்போல தடிச்ச விரல்காரர், இவையளுக்கு இதுதான் சரி" என்றார். நூலா தண்ணியா என்று கேட்டு வருகிறவர்களுக்கு அன்றிலிருந்து அவருடைய பதில் ஒன்றுதான்: "எது நல்லது எண்டு கேளாதேங்கோ. எதை ஒவ்வொரு நாளும் செய்வீங்கள், அதைச் சொல்லுங்கோ." என் கடையில் தங்கூசிக்குப் பக்கத்தில் பல்லுக்கான நூலையும் வைக்கச் செய்தவர் அவர்தான். வாங்கிப் பார்க்கிறவர்கள், "இதில என்ன மீன் பிடிக்கிற?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.

போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்தபோது, ஒற்றைக் கையால் நூல் பிடிக்க ஏலாமல் போனது. நான் புது மெசின் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். பார்த்ததும், "தண்ணித் துவக்கோட வந்திட்டீங்கள்" என்றார். இடக்கையில் பிடித்து முதன்முதலில் அடித்த அடி அவருடைய வாய்க்குள் போகவில்லை, என் சட்டைக்கு வந்தது. அக்கா சிரித்த சிரிப்பு வீடு முழுக்கக் கேட்டது. பிறகு பழகிவிட்டார். அன்று காலையிலும் அதால்தான் வாய் கழுவியிருக்கிறார்.

எட்டாம் நாள் நான் அவருடைய வீட்டுக்குப் போனபோது அக்கா ஒரு கதை சொன்னார். "உங்களுக்குத் தங்கூசி எடுத்த அந்த ரெண்டு கிழமையும் அவர் சரியாச் சாப்பிடேல்லை, நானா. உங்கட காக்காவையும் முதல்ல பார்த்தவர் அவர்தானே. ரெண்டு கிழமையில வாங்கோ எண்டு சொல்லிவிட்டவர், காக்கா வரேல்லை. நான் போய்க் கூப்பிட்டிருக்க வேணும் எண்டு கடைசி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்." எனக்கு இது தெரியாது. காக்கா அங்கே போனதே எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. என்னைப்போல அவரும் மறைத்திருக்கிறார்.

டொக்டரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தப் பதினாலாம் நாளைத்தான். செய்தி வந்த காலையில், போனது பல் டொக்டர் என்று சொன்னதும் தவராசாவின் கை கன்னத்துக்குப் போனதை நான் பார்த்திருந்தேன். இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். உள் கன்னத்தில் இரண்டு மாதமாக ஆறாத புண். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். புண்ணில் உரசிய உடைந்த பல்லின் கூர்முனையை ராவி விட்டு, இரண்டு கிழமையில் வரச் சொன்னார்கள். பதினாலாம் நாள் ஆளைக் காணவில்லை.

கடையைச் சாத்திவிட்டுக் கரையோர பஸ்ஸில் குச்சவெளிக்குப் போனேன். கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். "வேலை கிடக்கு நானா, இண்டைக்கு ஏலாது" என்றார். அந்த ஏலாததை எனக்கு நன்றாகத் தெரியும். "எழும்புங்க" என்றேன். ஆஸ்பத்திரியில் முதல் பார்த்த அந்த இளவயது டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். "ஒண்டும் இல்லை, ஆறிட்டுது" என்றார்.

வெளியே வந்ததும் தவராசா சுவரோடு குந்திவிட்டார். கொஞ்சம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னத்துக்கு நானா அவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"பதினாலு நாள் ஆச்சுது" என்றேன்.