முன் மேசை எண்

சுங்கைப்பட்டாணியில், பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதியபோது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. மேசையில் ஒட்டியிருந்த எண்தான் தெரியும். என்னுடையதைவிட ஒன்று குறைவு. முப்பது வயதிருக்கும். சிடாம் கிரி ரப்பர் தோட்டத்தில் காலையில் பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டிவிட்டு, மத்தியானத் தேர்வுக்கு பஸ் பிடித்து வருவார். கேள்வித்தாள் வரும்வரை, விரல்களில் காய்ந்த ரப்பர் பாலை உரித்து உருட்டிக்கொண்டிருப்பார்.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதோ என்ற பயத்தில், முதல் நாள் என் எண்ணை எழுதும்போதே தாளைக் கிழித்துவிட்டேன். சத்தம் கேட்டுத் திரும்பினார்.

“இப்படியா அழுத்துவ தங்கச்சி? மரமா இருந்தா, பட்டைய ஆழமா வெட்டிட்டேன்னு எங்கள வேல வாங்குற மண்டோர் உன்ன ஏசித் தீத்திருப்பாரு லா.”

சிரித்துவிட்டேன். “உங்களுக்குப் பயமில்லையாக்கா?”

“மூணாவது தடவ எழுதுறேன். பயந்து பயந்து சலிச்சுப் போச்சு.”

பல்கலைக்கழகத்துக்குத் தேர்வானவர்களின் எண்கள் பத்திரிகையில் வந்த அன்று, பொடி எழுத்தில் என் எண்ணைக் கண்டுபிடித்தேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் எண்ணுக்கு நேர் மேலே அந்த முன் மேசை எண்ணும் இருந்தது.

அப்போதுதான் நான் கத்தினேன். பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள்.

“அக்காவுக்கும் கிடைச்சிருச்சுப்பா!”

“எந்த அக்கா?” என்றார் அப்பா. அவருக்கு மூத்த பெண்ணே நான்தான்.