மலையைச் சுற்றிய பித்தளைத் தண்டவாளம்

என் அக்காள் கணவர் பரசுராமனை ஊரில் 'மைக் செட் பரசு' என்றால்தான் தெரியும். அந்த மைக் செட் அவருடையது அல்ல. ராஜேந்திரன் என்பவருடையது. கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, கம்பத்தில் ஏறி ஸ்பீக்கர் குழாய் கட்டுபவர் மாமா. முன்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்பவர் ராஜேந்திரன். சொந்தமாக ஒரு தொழில், தன் பெயர் எழுதிய ஒரு போர்டு. மாமா ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி பொம்மை ரயில். கார்த்திகை தீபத்துக்கு வருகிற கூட்டம் ராட்டினத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் டிக்கெட் வாங்குகிறது. நம் மலையையே செய்து, அதை வலப்பக்கம் வைத்துக்கொண்டு ஒரு ரயில் கிரிவலம் போனால் பார்க்க வராதா? கீழ்பென்னாத்தூரில் கடலை எண்ணெய் மில் வைத்திருந்த ராமதாஸ் செலவை ஏற்றுக்கொண்டார். தீபத்தில் நன்றாக ஓடினால் அடுத்தடுத்த ஊர்த் திருவிழாக்களுக்கும் கொண்டுபோவது, வருமானத்தில் மாமாவுக்குப் பாதி என்று பேச்சு. இது 1981-ல்.

தகராறு தண்டவாளத்தில்தான் ஆரம்பித்தது. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுக்குப் போன மாமா இரண்டு வகை வாங்கிவந்து கூடத்தில் பரப்பினார். ஒன்று, சாவி கொடுத்து ஓடும் ரயிலுக்கான தகரத் தண்டவாளம். துண்டு துண்டாகக் கோத்துக்கொண்டே போகலாம், விலையும் கம்மி. இன்னொன்று யாரோ வெளிநாட்டுக்காரர் விற்றுவிட்டுப் போன பழைய செட். கறுப்பு பிளாஸ்டிக் கட்டைகள்மேல் மினுமினுக்கும் கம்பிகள், கூடவே ஒரு என்ஜின், கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். கரண்ட் ஒரு கம்பியில் வந்து, என்ஜினுக்குள் புகுந்து, மறு கம்பியில் திரும்பும். தொட்டால் ஷாக் அடிக்காத அளவு கரண்ட்தான். ஆனால் அதைக் கோத்தால் முறத்தளவு வட்டம்தான் வந்தது. மாமாவின் மலையோ கட்டில் அகலம். மேற்கொண்டு துண்டுகள் எங்கும் கிடைக்கவில்லை.

ராமதாஸ் வந்து பார்த்தார். "தகரத்தையே போடுப்பா. சனங்க இன்னா தண்டவாளத்த மோந்தா பாக்கப் போறாங்க?"

"சாவி வண்டி கெளம்பறப்போ பேய் மாதிரி ஓடும் முதலாளி. மலைக்குப் பின்னாடி போனதும் மூச்சு வாங்கி நின்னுடும். அப்புறம் யாரு உள்ள தலைய வுட்டு சாவி குடுக்கறது?"

"நீதான். வேற இன்னா வேல உனக்கு?"

மாமா மூன்றாவதாக ஒரு வழி எடுத்தார், அந்தக் கரண்ட் என்ஜினுக்குத் தண்டவாளத்தைத் தானே செய்வது. பித்தளைத் தகட்டை மெல்லிய கீற்றுகளாக வெட்டினார். மரக்கட்டைகளில் ஆணி அடித்து, ஆணித் தலைகள்மேல் கீற்றை நிறுத்தி, ஈயம் உருக்கிப் பற்றவைத்தார். இரண்டு கீற்றுக்கும் நடுவே இடைவெளி மாறினால் என்ஜின் கவிழ்ந்துவிடும். அதற்கென்று அளவாகச் சீவிய ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

"குடத்த ஒளிச்சு வெச்சிருக்கேன். ராவோட ராவா அதையும் வெட்டிடாதீங்க" என்பாள் அக்கா ரேணுகாம்பாள். ஆனால் ஈயம் பற்றவைக்கும்போது கீற்றைப் பிடித்துக்கொண்டதும் அவள்தான்.

மலை மூங்கில் பத்தையாலும் கோணியாலும் ஆனது. மேலே பசையில் ஊறிய செய்தித்தாளை ஒட்டி வர்ணம் அடித்தார். உச்சியில் தீபத்துக்காக ஒரு சிவப்பு பல்பு. வேலை முடிந்த அன்று மாமா தன்னை அறியாமல் மலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அக்கா பார்த்துவிட்டாள். "செஞ்ச நீங்களே கும்புடறீங்களே. வர்ற சனம் சும்மா இருக்குமா?"

"கும்புட்டுட்டுப் போறாங்க. ரயிலுக்கு இன்னா வந்துச்சு?"

தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டார்கள். வாசலில் 'பரசுராமன் மலை ரயில்' என்று போர்டு. அக்கா அதன் எதிரே நின்று இரண்டு தடவை படித்தாள். ரயில் மெதுவாகப் போய், மலைக்குப் பின்னால் மறைந்து, மறுபக்கம் வந்தது. பார்த்தவர்கள் இன்னொரு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். சாவி ரயிலில் இது நடக்காது. தீபத்துக்கு முந்தின அந்த நாட்களில் மாமா சொன்னதுதான் சரி.

தீபத்தன்று மாலை நிஜ மலையில் தீபம் ஏறியதும் மாமா பல்பைப் போட்டார். கொட்டகை முழுக்க "அரோகரா" என்று கத்தியது. யாரோ மலைமேல் ஒரு காசை எறிந்தார்கள். அது சரிவில் உருண்டு இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே விழுந்தது. ரயில் நின்றுவிட்டது. கரண்ட் என்ஜினுக்குப் போகாமல் காசு வழியாகவே திரும்பிவிட்டது. மாமா காசை எடுத்துப் போட்டுவிட்டு ரயிலை ஓட்டினார். அதற்குள் அடுத்த காசு. பிறகு கைப்பிடி கைப்பிடியாக.

"காசு போடாதீங்கம்மா, ரயிலு நின்னுடும்" என்று கெஞ்சினார்.

"உனக்கா போட்டேன்? அண்ணாமலையாருக்குப் போட்டேன். கைய எடு நீ" என்றாள் ஒரு கிழவி.

"சாமி காசப் பொறுக்கறான் பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். மாமா கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் கருகி நாறியது. அந்த நாற்றத்தையும் மூடுகிற மாதிரி யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள்.

ராமதாஸ் வந்தபோது கூட்டம் போயிருந்தது. "தகரத்தப் போடுன்னு சொன்னேன், கேட்டியா?"

"சுத்தி கண்ணாடி போட்டுடறேன் முதலாளி. டிரான்ஸ்ஃபார்மர் மாத்திட்டா நாளைக்கே ஓடும்."

ராமதாஸ் மலைச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணாடி போட்டா காசு எப்படிய்யா வுழும்? ரயில எடுத்துடு. மலை இருக்கட்டும்."

பித்தளைத் தண்டவாளத்தை மாமாவே கட்டிங் பிளேயரால் நெம்பி எடுத்தார். மாமாவின் ரயில்தானே என்று ராமதாஸ் அதற்குக் கூலிக்கு ஆள் வைக்கவில்லை. போர்டும் இறங்கியது. மலைக்குப் பங்கு பேசவில்லையே, ரயிலுக்குத்தானே பேசினோம் என்று சொல்லி ராமதாஸ் கணக்கை முடித்தார்.

தகரம் போட்டிருந்தால் மாமாவின் தொழில் நிலைத்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. தகரத்தில் காசு விழுந்தாலும் ராமதாஸ் காசைத்தான் பார்த்திருப்பார். மாமா எந்தத் தண்டவாளம் என்று மட்டும் யோசித்தார். யாரோடு சேர்ந்து போடுகிறோம் என்று யோசிக்கவில்லை.

மாமா மறுபடி ராஜேந்திரனிடம் கம்பம் ஏறப் போனார். அடுத்த வருடம் தீபத்துக்கு முந்தின நாள் ராமதாஸ் ஆள் அனுப்பினார். மலை உச்சியில் பல்பு ஃப்யூஸ் ஆகிவிட்டதாம். வயர் போன வழி வேறு யாருக்கும் புரியவில்லையாம். அக்கா போகவேண்டாம் என்றாள். மாமா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனார்.

மலைக்கு முன்னால் இப்போது உண்டியல் வைத்திருந்த கொட்டகையில் கால் வைக்கும்போதே ராமதாஸ் குரல் கொடுத்தார். "பரசு, செருப்ப வெளிய வுட்டுட்டு வா."

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பல்பை மாற்றினார்.