சரிபாதி லேகியம்

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் என் வீட்டுக்காரர் எனக்குச் சரிபாதி கொடுத்த பொருள் ஒன்றே ஒன்றுதான். கஞ்சா லேகியம். மீனில் தலை அவருக்கு, காற்று வரும் ஜன்னலோரம் அவருக்கு, காலைத் தேநீரில் அடியில் தங்கும் சர்க்கரைகூட அவருக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் விரலால் கோடு கிழித்துப் பாதியாக வெட்டி, "உனக்கு ஒரு உருண்டை, எனக்கு ஒரு உருண்டை, சண்டையே கிடையாது" என்று நீட்டினார். இரண்டும் நெல்லிக்காய் அளவு.

அப்போது வெள்ளைக்காரன் காலம். கடல் தாண்டிப் பிழைக்க வந்த எங்களுக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே வரிசை வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். அவர் யார்டில் பாயிண்ட் திருப்புகிறவர். எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் போகவேண்டும் என்பது அவர் கையில் இருந்தது. அதனால் கண் சிவந்திருந்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. கள்ளுக்குக் கடை இருந்தது, அபினுக்குக் கடை இருந்தது. கஞ்சாவுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு போவார்கள்.

லேகியம் கிள்ளானிலிருந்து வந்தது. துறைமுகத்தில் மூட்டை இறக்கும் அவருடைய சிநேகிதர் ஒருவர் சிகரெட் டின்னில் அடைத்துக் கொடுத்தது. நெய், பனைவெல்லம், ஏலம், அதற்கடியில் கசந்த பச்சை வாசனை. அவருடைய வயிற்றுக்கடுப்புக்கு வாங்கியது. எனக்கு மாதம் வருவதற்கு முந்தின நாள் வலி. இடுப்பை யாரோ ஈரத்துணி பிழிவது போல முறுக்குகிற வலி. அன்று சுவரோடு சுருண்டு கிடந்தேன். அதைப் பார்த்துத்தான் கொடுத்தார். பாசத்தில் கொடுத்தார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அவர் பழைய சோறும் கருவாடும் தின்றுவிட்டு விழுங்கினார். நான் வெறும் வயிற்றில் விழுங்கினேன். அவர் சாப்பிட்டு முடிக்காமல் நான் எப்படிச் சாப்பிட்டிருப்பேன்?

கஞ்சா தின்ற ஆண்களை நான் பார்த்திருந்தேன். சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் மரத்தடியில் உட்கார்ந்து ஒன்றுமில்லாததற்குச் சிரிப்பார்கள். ஆற்றைக் கடப்பது போல வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வறண்ட தரையில் நடந்து வருவார்கள். "அண்ணன் மிதக்கிறாருடி" என்று பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்து, சோற்றைப் போட்டுப் படுக்கவைப்பார்கள். அவ்வளவுதான். ஆணுக்கு அது அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்கும் அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்துப் பல்லியைப் பார்த்துச் சிரித்தார். எனக்கென்று சட்டியில் இருந்த சோற்றை வழித்துத் தின்றார். பிறகு வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார்.

எனக்கு முதலில் வலி போயிற்று. அதை மறைக்க மாட்டேன். கடல் பின்வாங்குவது போல, இடுப்பிலிருந்து, தொடையிலிருந்து, விரல் நுனியிலிருந்து போயிற்று. இத்தனை வருஷம் இதைச் சுமந்தா நடந்தோம் என்று அழுகை வந்தது. அந்தச் சுகம் ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் இருந்திருக்கும். அப்புறம் நெஞ்சு.

நெஞ்சு தானாக நடக்க ஆரம்பித்தது. நான் அதன் பின்னால் நடந்தேன். அடுப்படிக்கு, வாசலுக்கு, மறுபடி அடுப்படிக்கு. கழுவிய பாத்திரத்தைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். குழாய்ச் சொட்டு ஒவ்வொன்றும் என் பெயரைச் சொல்லப் போய்ப் பாதியில் நிறுத்தியது. வண்டி நின்ற பிறகும் தண்டவாளம் ஓடிக்கொண்டிருந்தது. நான் செத்துப்போய்விட்டேன், யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று ஒரு நினைப்பு. உட்கார்ந்தால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது. அதனால் உட்காரவில்லை. தலைமுடி அவிழ்ந்து கிடக்க, பட்டப்பகலில், வரிசை வீடுகளின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

குழாயடியில் இருந்த பக்கத்துவீட்டு அக்காதான் முதலில் பார்த்தாள். குடத்தை இறக்கிவைத்தாள்.

"என்னா தங்கச்சி, எங்க போற?"

"நிக்க முடியல அக்கா. நின்னா விழுந்துடுவேன்."

அவள் என் கண்ணைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆத்தா வந்திருக்காடி! வேப்பிலை கொண்டாங்க!" என்றாள்.

எப்படித்தான் அத்தனை பேர் வந்தார்களோ! வேப்பிலை வந்தது. ஒரு வாளி மஞ்சள்தண்ணீர் என் தலையில் விழுந்தது. தண்டவாளத்தோரத்துச் சிறு கோயிலின் பூசாரி ரோத்தானோடு வந்தார். மாட்டுக்கு வைத்திருப்பதை விடக் கொஞ்சம் மெல்லிய பிரம்பு. கூட்டத்துக்குப் பின்னால் மண்டோர் நின்றார். யார்டு ஆட்களுக்கெல்லாம் மேலாள் அவர். அவர் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும், மறுநாள் எங்கள் பெட்டி தெருவில் கிடக்கும்.

என் வீட்டுக்காரரை எழுப்பிக் கூட்டி வந்தார்கள். வேட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"பொண்ணு என்னா சாப்பிட்டுச்சு?" என்று பூசாரி கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். மண்டோரைப் பார்த்தார். அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் இருந்த தூரத்தை நான் அளந்திருக்கிறேன். எனக்கு அன்று எல்லாமே மெதுவாகத்தான் நடந்தது.

"ஒண்ணும் சாப்பிடல அண்ணே," என்றார்.

பாதி உண்மை. சோறு தின்றிருக்கவில்லைதான்.

"அப்ப நல்லதா கெட்டதான்னு கேட்டுப்புடுவோம்," என்று பூசாரி ரோத்தானை ஓங்கினார். "யாரு நீ? எங்கேருந்து வந்த? சொல்றியா, முதுகை உரிக்கவா?"

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். லேகியம் தின்றோம், இரண்டு பேரும் தின்றோம், இதோ டின் அரிசிப்பானைக்குள் இருக்கிறது. சொன்னால் முதுகு தப்பும், வீடு போகும். சொல்லாவிட்டால் பிரம்பு. நெஞ்சு ஓடிக்கொண்டே இருந்தது. அது போன வேகத்தில் என் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது. தெருவில் மீன் விற்கிறவளின் குரல் போல கனமாக இருந்தது.

"டேய்! ஆத்தா மேலயே கை ஓங்குறியா?"

ரோத்தான் கீழே இறங்கிவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"என்னா வேணும் தாயே, கேளு," என்றார் பூசாரி. குரல் குழைந்திருந்தது.

எனக்கு என்ன வேண்டும் என்று அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கேட்டுவிட்டேன். புளித்தண்ணீர் ஒரு செம்பு. உப்புப் போட்டுச் சோறு. ஆம்பளை எல்லாம் அந்தப் பக்கம் போகணும். யாரும் மேளம் தட்டக்கூடாது. "இவன்," என்று என் வீட்டுக்காரரைக் காட்டினேன், "இவன் என் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காரணும். நான் சொல்ற வரைக்கும் விடக்கூடாது."

"சரியான ஆத்தாதான் லா," என்று யாரோ சிரித்தார்கள்.

அவர் உட்கார்ந்து என் காலைப் பிடித்தார். அவருடைய கை கனத்தில்தான் நான் தரைக்கு வந்தேன். "மன்னிச்சிரு தாயே, மன்னிச்சிரு தாயே," என்று முனகிக்கொண்டிருந்தார். நடிக்கிறார் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் கண்ணில் நிஜமான பயம். அவருக்கும் இன்னும் தெளியவில்லை. சாயங்காலம் நெஞ்சு அடங்கியது, விடிவதற்குள் மாதமும் வந்தது.

மூன்றாம் நாள் குழாயடிக்குப் போனேன். குறி கேட்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன். பக்கத்துவீட்டு அக்கா என் குடத்தைத் தன் குடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரரு கிள்ளானுக்குப் போயிருந்தாரா?"

நான் குடத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன்.

"தெரியுமா அக்கா?"

"கண்ணைப் பாத்தா தெரியாதா? எனக்கு ரெண்டாவது பிள்ளைக்கு மருத்துவச்சி குடுத்தா. வலி போச்சு. ஆனா மூணு நாளு சுவரு நகர்ந்துச்சுடி." எதிரே துணி தப்பிக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்: "மாசம் வர்றதுக்கு முன்னாடி தின்னா இப்படித்தான் தூக்கும். முடிஞ்ச பிறகு தின்னா ஒண்ணும் பண்ணாது. ஆம்பளைக்கு என்னைக்குத் தின்னாலும் பசிதான்." இன்னொருத்தி, "நமக்குச் சுண்டைக்காய் அளவு போதும். யாரு சொல்லிக் குடுக்குறா?" என்றாள்.

எல்லோரும் தின்றிருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அப்ப ஏன் ஆத்தான்னீங்க?"

"கஞ்சான்னா உன் வீட்டுக்காரருக்கு வேலை போகும். சும்மான்னா உனக்குப் பைத்தியம்னு பேரு. ஆத்தான்னா ரெண்டும் தப்பும். தண்ணியைப் பிடி, வழியுது பாரு."

உடம்பு வேறா, வெறும் வயிறு வேறா, பயம் வேறா? அன்று நடந்ததில் எந்தப் பங்கு லேகியத்துக்கு, எந்தப் பங்கு மாத ரத்தத்துக்கு? இத்தனை வயதாகியும் என்னால் பிரிக்க முடியவில்லை. அவர் தூங்கினார், நான் நடந்தேன். அது மட்டும் தெரியும். ஒரே டின், ஒரே அளவு.

அன்று மாலை அவர் வேலையிலிருந்து வந்ததும் கேட்டேன். "அந்தப் பிரம்பு என் முதுகுல இறங்கியிருந்தா, லேகியம்னு சொல்லியிருப்பீங்களா?"

"இறங்கலையே," என்றார். செருப்பைக் கழற்றினார்.

நான் மறுபடி கேட்கவில்லை. அவர்தான் இரண்டு நாள் அதையே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். மூன்றாம் நாள் காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மூணாவது அடிக்குச் சொல்லியிருப்பேன்."

யோசித்துத்தான் சொன்னார். ஒன்றைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. வண்டிக்குக் காட்டும் கைவிளக்கை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போய்விட்டார்.

நான் கதவைச் சாத்தினேன். அடுப்படிக்கு நடந்தேன், ஜன்னலுக்கு நடந்தேன், மறுபடி அடுப்படிக்கு. பகல் முழுக்க அப்படியே நடந்துகொண்டிருந்தேன். அன்று நான் லேகியம் எதுவும் தின்றிருக்கவில்லை.