விளையாட்டில்லாத முதல் விடுமுறை

மற்ற குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்கு லங்காவி போகும், கேமரன் மலை போகும். கொஞ்சம் வசதி இருந்தால் பாலித் தீவு. நாங்கள் பாரிட் புந்தார் போவோம். சிரிக்காதீர்கள். அடுத்த விடுமுறைக்கு ஆயர் தாவார். அதற்கடுத்தது காம்பார். ஈப்போவில் இருந்துகொண்டு காம்பாருக்குச் சுற்றுலா போன ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

காரணம், பெரியவன் பூப்பந்து ஆடினான். எந்த ஊரில் போட்டியோ அந்த ஊர்தான் எங்களுக்கு உல்லாசத் தலம். என் மனைவி பாய், தலையணை, நெத்திலிச் சம்பல், ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வருவாள். மண்டபத்தில் எங்கே பிளக் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. ஒருமுறை அரையிறுதி ஆட்டத்தின் நடுவே பாதி மண்டபத்துக்கு விளக்கு அணைந்துபோனது. ஏற்பாட்டாளர்கள் ஓடித் திரிந்தார்கள். நான் மேடைக்குப் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் குக்கரின் வயரைப் பிடுங்கிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் நின்று, "என்ன நிர்வாகம் இது!" என்று கோபப்பட்டேன். சோறு பாதி வெந்திருந்தது.

சின்னவளுக்குத்தான் தாங்காது. "எல்லாப் பிள்ளைங்களும் கடல் முன்னாடி நின்னு படம் எடுத்து வாட்ஸப் புலனத்துல போடுறாங்க. நான் மட்டும் வருஷா வருஷம் தோய்லெட் பக்கத்துல பை காவல் காக்குறேன்," என்பாள். அது உண்மைதான். மண்டபத்தில் இடம் கிடைப்பது அங்கேதான்.

போன வருஷம் மாநில இளையோர் அணிக்கான தேர்வுக்குப் பெரியவனைக் கூப்பிட்டார்கள். ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு மருத்துவப் பரிசோதனை. அங்கே இருந்த டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அவன் நெஞ்சில் வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. பிறகு ஸ்கேன், பெரிய ஆஸ்பத்திரி, இருதய நிபுணர் என்று அடுத்தடுத்துப் போனது. பிறவியிலேயே இருதயத் தசை கொஞ்சம் தடித்திருக்கிறதாம். கவனமாக இருந்தால் நீண்ட நாள் நன்றாக வாழலாமாம். நடக்கலாம், படிக்கலாம், கல்யாணம் கட்டலாம். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, போட்டி என்ற பேச்சே கூடாது.

நான் கல்யாண வீடுகளில் மைக் பிடிக்கிற ஆள். மாப்பிள்ளை வரத் தாமதமானால் கூட்டத்தை ஒரு மணி நேரம் சிரிக்க வைத்துச் சமாளிப்பேன். அன்று என் வாயில் வந்தது, "அப்ப எப்ப திரும்ப ஆடலாம் டாக்டர்?" என்பதுதான். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார். "ஆட முடியாது, தம்பி."

"ஓகே டாக்டர்," என்றான். கடையில் மீ கோரிங் முடிந்துவிட்டது என்றால் எப்படிச் சொல்வானோ அப்படி.

அந்த வாரமே அவனுடைய பயிற்றுநர் என்னை அழைத்தார். நான் எண்ணெய் நிலையத்தில் காருக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தேன். "அண்ணே, ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். மெடிக்கல் முடிவு வர்றதுக்கு முன்னாடியே ஆளுங்கள முடிவு பண்ணிட்டோம். மொதப் பேரே ஒங்க பையன்தான். அவன்கிட்ட சொல்றதா வேணாமான்னு நீங்களே பாத்துக்குங்க அண்ணே." போனை வைத்துவிட்டார். டேங்க் நிரம்பி, பம்பு தானாக நின்றுவிட்டது. நான் அதைப் பிடித்தபடியே நின்றேன். பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார். எதற்கு அடிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

சொன்னால், கைக்கு வந்ததைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று உடைந்துபோவானோ என்று பயம். சொல்லாவிட்டால், தனக்குத் திறமை போதவில்லை என்றே இருந்துவிடுவானோ என்றும் பயம். "சொல்லிடுங்க," என்றாள் மனைவி. "நாளைக்கு," என்றேன். என்னுடைய அந்த 'நாளைக்கு' மாதக்கணக்கில் நீண்டது. அவன் அறை வாசலில் போய் நிற்பேன்.

"டேய்."

"என்னப்பா?"

"படுக்குறப்ப ஃபேன கொறச்சு வச்சுக்க."

இப்படியே எத்தனை முறை போயிருப்பேன் தெரியாது. அந்தக் காற்றாடியைப் பற்றி இவ்வளவு அக்கறை காட்டிய தகப்பன் பேராக்கிலேயே இருக்க மாட்டான்.

சொல்ல முடியாதவன் வேறு என்ன செய்வான்? பொருள் வாங்கினேன். நாடித் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை அவன் கையில் கட்டிவிட்டு, அதை என் கைப்பேசியோடு இணைத்துக்கொண்டேன். அவனுக்கு வாயு பிடித்தால்கூட எனக்குத் தெரிந்துவிடும் என்று பெருமையாக வீட்டில் அறிவித்தேன்.

ஒரு நாள் நான் வேலை செய்யும் மின்சாரப் பொருள் கடையில் ஓர் அம்மாவுக்கு மிக்சி காட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி கத்தியது. பார்த்தால், அவன் துடிப்பு எகிறிக்கொண்டே போகிறது. அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரை எடுத்தேன். சிவப்பு விளக்கில் நின்றேனா இல்லையா, கடவுளுக்குத்தான் தெரியும். பள்ளி வாசலில் காவலாளி, "என்ன அண்ணே, என்ன ஆச்சு?" என்று பின்னாலேயே ஓடி வந்தார். திடலுக்குள் பாய்ந்தபோதுதான் கவனித்தேன், என் கையில் மிக்சி மூடி இருக்கிறது.

திடலில் அவனுடைய சீனக் கூட்டாளி, நல்ல குண்டுப் பையன், நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருந்தான். கடிகாரம் அவன் கையில். என் மகன் மர நிழலில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தான்.

"டேய்! எதுக்குடா அத அவன்கிட்ட குடுத்த?"

என்னையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தான். "வாட்ச் பாவம்பா. அதாச்சும் ஓடட்டுமேன்னு குடுத்தேன்."

பையன்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூடியை மகுடம் மாதிரி தலையில் வைத்துக் காட்டினேன், இன்னும் சிரித்தார்கள். காருக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகு வெகுநேரம் சாவியைத் திருகவே கை வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த பள்ளி விடுமுறையில்தான் சின்னவள், "இப்பவாச்சும் கடலுக்குப் போலாமா?" என்று கேட்டாள். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'இப்பவாச்சும்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பெரியவன்தான், "போலாம்லா. பங்கோர் போலாம்," என்றான். குக்கர் இல்லாமல், பாய் இல்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஹோட்டலில் அறை எடுத்தோம்.

பங்கோர் தீவுக்கு லூமுட்டில் ஃபெரி ஏறவேண்டும். போகிற வழியில் ஆயர் தாவார். அங்கே நாங்கள் பலமுறை குடித்தனம் நடத்திய மண்டபத்தைத் தாண்டினோம். காரில் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மனைவி திடீரென்று வெங்காயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கொஞ்ச தூரத்தில் நான் பிறந்த தோட்டம். அப்போது ரப்பர், இப்போது செம்பனை. வழக்கமாக அந்த இடம் வந்ததும் காரை மெதுவாக்கி, தோட்டத்துக் காற்பந்தாட்டத்தில் நான் போட்ட கோலைப் பற்றி ஆரம்பித்துவிடுவேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். விளையாட்டுப் பேச்சே வேண்டாம் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. அச்சு அசல் என் குரல். "இங்கதான் பிள்ளைங்களா, பாதித் திடல்லருந்து அடிச்சேன். போன வருஷம் சொன்னப்ப பாதித் திடல். இந்த வருஷம் லயத்து வாசல்லருந்து அடிச்சேன். கோல் கீப்பர் என்னோட கால்ல விழுந்து அழுதான்." பெரியவன்தான். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். காருக்குள் இறுக்கம் விட்டது. என் வேலையை அவன் எடுத்துச் செய்கிறான் என்று எனக்குப் புரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். சிரிக்க வைத்துவிட்டு அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான்.

லூமுட்டில் கார் நிறுத்த இடம் தேடி நேரம் போய்விட்டது. சின்னவளுக்குக் கழிப்பறை, மனைவிக்குத் தொப்பி. நாங்கள் படகுத்துறைக்கு வந்தபோது ஃபெரி கயிற்றை அவிழ்க்கத் தயாராக நின்றது. நான் ஓடினேன். தொந்தி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "துங்கு! துங்கு, பாங்!" என்று மலாயில் நிற்கச் சொல்லிக் கத்திக்கொண்டே போய் ஒரு காலை ஃபெரியில் வைத்தேன், மறு காலைத் துறையிலேயே வைத்துக்கொண்டேன். துறையில் கயிறு பிடித்திருந்தவர், "செப்பாட், பாங், செப்பாட்," என்று அவசரப்படுத்தினார். திரும்பிப் பார்த்தேன்.

எல்லோரும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பெட்டி இழுத்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள், ஐஸ் பெட்டி சுமந்த ஒரு தாத்தா, எல்லோரும் அவனைத் தாண்டிப் போனார்கள். எங்கள் வீட்டிலேயே வேகமானவன், இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நடந்து வந்தான். முன்னால் ஓடிய சின்னவள் நின்றாள். திரும்பிப் போய் அவன் பக்கத்தில் அவன் நடைக்கே நடந்தாள்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். கை பையிலிருந்து வெளியே வந்தது. குதிகால் எழும்பியது. அந்தக் குதிகாலை எனக்குத் தெரியும். எதிராளி பந்தை அடிப்பதற்கு முன்பே எழும்பிவிடும்.

"ஓடாதடா!"

என் குரலுக்குத் துறையே திரும்பிப் பார்த்தது. எத்தனை மண்டபங்களில் தொண்டை கிழிய, ஓடுடா, ஓடுடா என்று கத்தியிருக்கிறேன். குதிகால் இறங்கியது. அவன் முகம் சிவந்துபோனது. நான் என் காலை ஃபெரியிலிருந்து எடுத்தேன்.

அது போய்விட்டது. நாலு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு மூச்சிரைப்பு நிற்கவில்லை.

"அப்பா, நீங்க ஓடுறது பாக்க ரொம்ப அசிங்கமா இருக்குப்பா," என்றான்.

"டேய், நான் ஓடல. பூமி பின்னால போச்சு."

சிரித்தான். சிரித்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு செலக்‌ஷன்ல என்னை எடுக்கலதான?" என்றான்.

நான் தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபெரியைப் பார்த்தேன்.

"பரவாயில்லப்பா, சொல்லுங்க. எடுக்கலன்னா நல்லதுதான. எடுக்கலன்னா எப்படியும் நான் ஆடியிருக்க மாட்டேன். இந்த நெஞ்சுக் கோளாறுனால எதுவும் போச்சுன்னு இல்ல."

எவ்வளவு அழகான வழி. அவனே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான். 'ஆமாடா, எடுக்கல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் நிம்மதியாகப் பங்கோருக்கு வருவான். பொய் எனக்கு என்ன புதிதா? வாயைத் திறந்தேன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தத் தேர்வு நாளில் மண்டபத்தில் ஆடிய ஆட்டம் கண்ணுக்குள் வந்தது. அதை இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"எடுத்தாங்கடா."

"என்னது?"

"ஒன்ன எடுத்தாங்க. மொதப் பேரே ஒன்னோடதுதான். ஒங்க கோச் சொன்னாரு."

அவன் அம்மா பக்கம் திரும்பினான். அவள் தலையாட்டினாள்.

"மொதப் பேரா?"

"மொதப் பேரு."

"ஓ," என்றான்.

எழுந்தான். துறையின் கோடிவரை நடந்து போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றான். கொஞ்ச நேரத்தில் அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. டாக்டர் அறையில் அழவில்லை, வீட்டிலும் அழவில்லை. இத்தனை மாதம் கழித்து லூமுட் படகுத்துறையில் நின்று அழுதான். நான் எழுந்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நான் போவவாம்மா?" என்றாள் சின்னவள்.

"வேணாம். இருக்கட்டும்."

என் புத்தி போன போக்கைச் சொன்னால் நீங்கள் காறித் துப்புவீர்கள். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்றார் டாக்டர்; அழலாமா என்று நான் கேட்கவே இல்லையே என்று நினைத்தேன். கைப்பேசியை எடுத்து, அழுதால் துடிப்பு எவ்வளவு ஏறும் என்று தேட ஆரம்பித்தேன். மனைவி அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கித் தன் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

அடுத்த ஃபெரி வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஆட்கள் ஏறினார்கள். கயிறு பிடித்திருந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, வருகிறாயா என்று கையால் கேட்டார். நான் கோடியில் நின்ற முதுகைப் பார்த்தேன். அது இன்னும் திரும்பவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

அந்தப் படகையும் விட்டோம்.