மடைச் சாவி காணாமல் போன பங்குனி

எங்கள் ஊர்க் கண்மாய் நிறைவது மழையின் கையில். நிறைந்த தண்ணீர் யாருக்கு என்பது கட்சிக்காரர்கள் கையில். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலையைப் பார்த்தபடி கிடக்கும் சின்ன ஊர் அது. எனக்கு ஆறு வயதானபோது என் அம்மாவே அந்த ஊருக்குத் தலைவரானாள்.

தலைவராக வேண்டும் என்று அம்மா கனவுகூடக் கண்டதில்லை. அந்தத் தடவை பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். கட்சியில் கிளைச் செயலாளராக இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வீடு வீடாக ஏறி இறங்கி அக்காவை ஜெயிக்க வைத்தார். ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பார்கள். யார் எந்தக் கட்சி என்பது எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். சுவரொட்டியில் மாமாவின் படம் பெரிதாக இருந்தது. அம்மாவின் படம் ஓரத்தில், ரேஷன் கார்டில் இருப்பது போல முழித்துக்கொண்டிருந்தது.

அப்பா ராணுவத்தில் இருந்தார். வீட்டில் அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி. மாமாதான் எங்களுக்கு ஆண் துணை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்சிக் கூட்டம் என்றால் எனக்குப் பால்கோவா நிச்சயம். அதனாலேயே கட்சி அடிக்கடி கூட்டம் போட வேண்டும் என்று நான் சாமி கும்பிட்டிருக்கிறேன்.

தலைவர் பதவியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரே சொத்து மடைச் சாவி. பேருக்குத்தான் சாவி. பார்த்தால் இரண்டு முழ நீள இரும்புக் கம்பி. ஒரு முனையில் சதுரமாக ஓட்டை இருக்கும். அதை மாட்டித் திருகினால்தான் கண்மாய் மடையின் ஷட்டர் மேலே ஏறும். ராத்திரியில் ஆளாளுக்குத் திறந்து தண்ணீர் திருடியதால், சாவி தலைவர் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று ஊரார் கூடி முடிவு செய்திருந்தார்கள். அந்தச் சாவியால் திறந்தால் முறைப்படித் திறந்ததாகும். ஷட்டரை உடைத்தால் போலீஸ் கேஸ். அம்மா அதைக் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தாள்.

அந்த வருஷம் மழை பாதிதான். கண்மாயில் கிடந்த தண்ணீரை நம்பித் தையில் நட்ட நெல், பங்குனியில் பால் பிடிக்கத் தொடங்கியது. அதே தண்ணீரில் மீனும் வளர்ந்து கிடந்தது. மீன் குத்தகை மாமாவின் பெயரில் இருந்தது. ஆனால் மீன் அவருடையதில்லை. ராஜபாளையத்தில் இருந்த ஒன்றியச் செயலாளருடையது. அவரை எல்லாரும் 'ஒன்றியம்' என்றே சொல்வார்கள். கட்சியில் பதவிதான் பேர். ஈஸ்டருக்கு முன்னால் மீனைச் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு ஏற்றிவிட வேண்டும் என்று ஒன்றியம் அவசரப்பட்டார். தண்ணீரை ஓடையில் வடித்துவிட்டால்தான் மொத்த மீனையும் அள்ள முடியும்.

லாரி வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், அந்தத் தண்ணீரில் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் சிலர் வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினார்.

"தாயி, இன்னும் ஒரே ஒரு தண்ணி பாய்ஞ்சாப் போதும். இப்பம் மடையத் தொறந்து ஓடையில விட்டுட்டா அம்புட்டும் பதராப் போயிரும்."

எங்களுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் ஒரு குழி நிலம்கூட இல்லை. அம்மா "பாக்கேன்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. சாவியைக் கொடுத்தால் ஊர் வயிற்றில் அடித்ததாகும். மாட்டேன் என்றால், இடுப்பில் தூக்கி வளர்த்த தன் தம்பி கட்சிக்காரர்கள் முன்னால் தலைகுனிய வேண்டும். இதெல்லாம் இப்போது புரிகிறது. அப்போது அம்மாவுக்கு வயிறு சரியில்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் வாசலில் கார் வந்து நின்றது. பின்னால் ஐஸ் பெட்டிகளோடு ஒரு லாரி. ஒன்றியம் காரை விட்டு இறங்கவில்லை. மாமா மட்டும் உள்ளே வந்தார். சட்டைப்பையில் பால்கோவாப் பொட்டலம் இருந்தது. ஆனால் வழக்கம்போல அதை என்னிடம் நீட்டவில்லை.

"அக்கா, சாவியக் குடு. ஒன்றியம் வெளிய இருக்காரு."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"இங்கனதாம்லே எங்கயோ வச்சேன். நீயே தேடி எடுத்துக்கோ. புள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கான், சத்தம் போட்டுராத."

மாமா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பரணில் ஏறினார். நெல் குதிருக்குப் பின்னால் கைவிட்டு ஒரு பல்லியைக் கிளப்பிவிட்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஏனென்றால் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாமா நிமிர்ந்தால் அது அவர் மூக்கில் இடிக்கும்.

நடு வீட்டில் சேலைத் தொட்டிலில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். துணி குழந்தையின் முகத்தில் மூடிவிடாமல் இருக்கத் தொட்டிலுக்கு மேலே குறுக்கே ஒரு கட்டை கொடுப்பார்கள் அல்லவா? காலையில் அம்மா அந்த மரக்கட்டையை எடுத்துவிட்டு மடைச் சாவியைச் செருகியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். பழைய கட்டை இத்துப்போச்சு என்றாள்.

மாமா தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார். நின்றார். நேராக அந்த இரும்பைத்தான் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினார். அம்மா அரிசியை இன்னும் களைந்துகொண்டே இருந்தாள். அவ்வளவு நேரம் களைந்தால் அரிசி என்னத்துக்கு ஆகும்?

"மாமா, அந்தா..." என்று நான் வாயைத் திறந்தேன்.

சட்டென்று என் வாயில் பால்கோவாவைத் திணித்தார்.

"ஏட்டி, முழுங்கிட்டுத்தான் பேசணும்" என்றார்.

அவ்வளவு பெரிய உருண்டையை எப்போது முழுங்கி எப்போது பேசுவது? அதற்குள் தம்பி சிணுங்கினான். மாமா அந்த இரும்பைப் பிடித்தே தொட்டிலை மெதுவாக ஆட்ட ஆரம்பித்தார். வெளியிலிருந்து அதட்டலாக ஒரு குரல் வந்தது.

"என்னப்பா, கெடச்சுதா இல்லையா?"

"காங்கலண்ணே. எங்கன வச்சாகன்னு அக்காவுக்கே தெரியல. புள்ள தூங்குதான், செத்த மெல்லப் பேசுங்க."

ஒன்றியத்தை மெல்லப் பேசச் சொன்ன முதல் ஆள் என் மாமாவாகத்தான் இருக்கும். ஒன்றியம் காரிலிருந்தபடியே கத்திய கத்தலில் தம்பி விழித்தேவிட்டான். மாமா அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். தேடி எடுத்து அனுப்புவதாகச் சொன்னார். அவர் அனுப்பவில்லை. நாலு நாள் பார்த்துவிட்டு லாரி வேறு ஊர்க் கண்மாய்க்குப் போனது. ஈஸ்டரும் போனது. அதற்குப் பிறகு அம்மாவுக்குச் சாவி 'கிடைத்தது'. நெல்லுக்கு அந்த ஒரு தண்ணீர் பாய்ந்தது.

அந்தச் சித்திரைத் திருவிழாவுக்குக் கட்சி வைத்த விளம்பரத் தட்டியில் மாமாவின் படம் இல்லை. கிளைச் செயலாளர் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. மாமா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனிக்கு ஷிப்டு வேலைக்குப் போனார். அக்கா வீட்டில் ஒரு சாவியைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாதவன் என்று டீக்கடையில் அவரைக் கேலி செய்தார்கள். அவர் டீயைக் குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போனார். தண்ணீர் பாய்ந்த சம்சாரிகளும்கூட அந்தக் கேலிக்குச் சிரித்தார்கள்.

எனக்கு மாமாவை நினைத்துப் பாவமாக இருந்தது. எதிரில் தொங்கியதை இரண்டு கண்ணாலும் பார்த்தவர், காணவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஒரு நாள் அவருக்கு எடுத்து வைக்க அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மா, மாமாவுக்குக் கண்ணு தெரியல. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி கண்ணாடி வாங்கிக் குடுப்பமா?"

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சட்டியில் மீன் கருகியது. அவள் கவனிக்கவில்லை. மாமாவின் கண்ணுக்கு வந்திருப்பது கண்ணாடியால் தீருகிற கோளாறு இல்லை போலிருக்கிறது என்று பயந்துபோய், நானும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.