தனியாகப் போய்வர ஒரு வண்டி

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு என் கணவர் என்னிடம் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். யாரும் தள்ளாமல், யாரும் பிடிக்காமல், தானாக வெளியே போய்வர வேண்டும்.

பெரிய கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்த்தவர். இப்போது வலது கையும் வலது காலும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சாதாரண வீல்சேரில் உட்கார வைத்து நான் தள்ளிக்கொண்டு போனால், எதிரில் வரும் தெரிந்தவர்கள் அவரைத் தாண்டி என் முகத்தைப் பார்த்து, "இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்பார்கள். இரண்டு மூன்று முறை அப்படி ஆனதும், "போதும், வீட்டுக்குப் போலாம்" என்றார். அதோடு சரி.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. காலையில் காவிரிக்குக் குளிக்கப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கும். அவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு படுத்திருப்பார். எனக்கும் ஓர் ஏக்கம் இருந்தது. அவர் வெளியே போனால்தானே வீட்டுக்கு வர முடியும்? "வந்துட்டேன்" என்ற அந்தக் குரல் வாசலில் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது!

பேட்டரியில் ஓடும் வீல்சேர் புதிதாக வாங்க எங்களுக்கு வசதி இல்லை. பழைய சாமான் விற்கும் ஆப் ஒன்றில் தேடினேன். திருச்சி பாலக்கரையில் ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். படத்தில் வண்டி பளபளவென்று இருந்தது. போன் செய்தேன்.

"எங்கப்பாவோடதுங்க. அவரு போயிட்டாரு. வீட்ல பார்க்கப் பார்க்க மனசு கஷ்டமா இருக்கு, அதான் குடுக்குறோம்" என்றார்.

"எங்க வீட்டுக்காரருக்கு இடது கைதாங்க வேலை செய்யும்."

"அதுக்கென்னங்க, ஜாய்ஸ்டிக்க இடது பக்கம் மாத்தித் தர்றேன். பேட்டரி அருமையா இருக்கு."

அப்பாவை இழந்த பிள்ளையிடம் எப்படிப் பேரம் பேசுவது? கேட்ட விலையைக் கொடுத்தேன். குட்டி யானை லோடு வண்டியில் வீல்சேர் வந்து இறங்கியது. ராத்திரி சார்ஜ் போட்டேன், பச்சை விளக்கு எரிந்தது.

மறுநாள் அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். இடது கையால் ஜாய்ஸ்டிக் குச்சியைத் தள்ளினார். வண்டி நகர்ந்தது. "நீ வராதே" என்றார். நான் வாசலில் நின்றேன். சந்து முனையில் திரும்பி அவர் மறைந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆட்டோக்காரர்கள் வண்டியை முக்கி முனகித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மெயின் ரோட்டில், வெளியூர் யாத்ரீகர்களின் பஸ்களுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டதாம். பின்னாலிருந்து ஒரே ஹாரன். அவர் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்ததும், "சட்டையக் கழட்டி விடு" என்றார்.

பேட்டரி கடையில் காட்டினேன். பழைய பேட்டரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, ஆள் ஏறி உட்கார்ந்தால் தாங்காது என்றார்கள். விற்றவருக்கு போன் செய்தேன். முதல் நாள் "பார்க்குறேங்க" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை. மெசேஜும் போகவில்லை, என்னை பிளாக் செய்திருந்தார்.

நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க வீட்டுப் பொருளை ஒரு தடவை வித்தவங்களா, இல்ல இதையே வியாபாரமா பண்றவங்களாம்மா? வியாபாரமா இருந்தாதான் புகார் நிக்கும்" என்றார். அதே ஆப்பில் மறுபடி தேடிப் பார்த்தேன். படங்களில் எங்கள் வண்டிக்குப் பின்னால் இருந்த அதே சுவர், அதே தரை, அதே பாலக்கரை. ஆஸ்பத்திரிக் கட்டில், வாக்கர், காற்றுப் படுக்கை, இன்னொரு வீல்சேர். ஒன்று அம்மாவுடையது, ஒன்று மாமனாருடையது, ஒன்று பாட்டியுடையது என்று எழுதியிருந்தது.

விசாரித்துக்கொண்டு நேரில் போனேன். ஒரு தகர ஷெட். விற்றவருக்கு முப்பது வயது இருக்கும், ஒரு கட்டிலுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"பழைய சாமான்னு தெரிஞ்சுதானேம்மா வாங்குனீங்க?"

"பழசுன்னு தெரியும் தம்பி. ஓடாதுன்னு தெரியாது. அப்பாவோடதுன்னு ஏன் சொன்னீங்க?"

பிரஷைக் கீழே வைத்தார். "எங்கப்பா போனது நிஜந்தாம்மா. அவரு கட்டிலத்தான் முதல்ல வித்தேன். உடனே போயிருச்சு. அப்புறம் இதே தொழிலாயிருச்சு. அப்பான்னு சொன்னா ஜனங்க நம்புறாங்க."

திட்ட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். வண்டிக்கு என்ன வழி என்று மட்டும் கேட்டேன். பாதிப் பணம் தருகிறேன், வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

"பணத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அவரு உக்காந்து போகணும். ஓடுற பேட்டரி போட்டுக் குடுங்க."

பார்க்கலாம் என்றார். பார்க்கவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன்.

அது மாதக்கணக்கில் இழுத்தது. என் கணவருக்கு அதில் விருப்பமே இல்லை. "விட்டுத் தொலையேன், எதுக்கு அலையுற?" என்பார். வண்டியைப் போர்வை போட்டு மூடிக் கூடத்து மூலையில் தள்ளி வைத்திருந்தேன். ஒரு நாள் மதியம் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தேன். அவர் எப்படியோ சுவரைப் பிடித்து நகர்ந்து போய், போர்வையை விலக்கி, அந்தச் செத்த வண்டியில் உட்கார்ந்திருந்தார். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. இடது கை குச்சியை முன்னால் தள்ளிப் பிடித்திருந்தது. நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. சத்தம் போடாமல் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். இனி எத்தனை தடவை வேண்டுமானாலும் அலையலாம் என்று தோன்றியது.

கடைசியில் சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்த அந்தத் தம்பி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. புது பேட்டரி போட்டுத் தர ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சொன்னபடி வீட்டுக்கு வந்து போட்டும் கொடுத்தார். கிளம்பும்போது என் கணவரிடம், "மன்னிச்சுக்கங்கய்யா" என்றார். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

வண்டி ரெடியாகியும் அவர் ஏறவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஒரு சாயங்காலம், "ரோட்ல கூட்டம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். போனார். இந்த முறை நேரம் போய்க்கொண்டே இருந்தது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். திரும்பி வந்தவர், "அம்மா மண்டபம் வரைக்கும் போனேன்" என்றார்.

"காவிரில தண்ணி போகுதா?"

"நிறையப் போகுது. படித்துறைக்கு மேலேயே நின்னு பார்த்துட்டு வந்தேன்."

வண்டி படி இறங்காது. ரெண்டு பேரைக் கூப்பிட்டுத் தூக்கி இறக்கச் சொல்கிறேன், காலை நனைத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "யாரும் தூக்க வேணாம்" என்கிறார். இப்போது தினமும் போகிறார். மேல்படியில் நிறுத்திக்கொண்டு, குளிக்கிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார். வந்ததும் செருப்பைக் கழற்றி விடுவேன். பாதம் எப்போதும் காய்ந்துதான் இருக்கும்.