சக்கரம் வைத்த வில்

பெயிண்டருக்கு வலது தோள் போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. முப்பது வருடம் கூரையைப் பார்த்தபடி பிரஷ் பிடித்தவரின் தோள் எப்படிப் போகுமோ, அப்படிப் போயிற்று. முதலில் சட்டை மாட்டும்போது வலித்தது. பிறகு தலை சீவும்போது. கடைசியில், சும்மா படுத்திருந்தாலும் வலித்தது. அவர் வழக்கம்போல யாரிடமும் சொல்லவில்லை. மனைவிதான், அவர் இடது கையால் பல் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, பிசியோதெரபி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா தோளை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். வேலையைத் தவிர வேறென்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்றார் பெயிண்டர்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வில்லு இழுக்கப் போறாரே, அதைச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"வில்லா? எவ்வளவு கனம் இழுப்பீங்க?"

"ஐம்பது பவுண்டு."

"ஒரு நாளைக்கு எத்தனை தரம்?"

"நூறு நூத்திருபது இருக்கும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பிரஷ்ஷா, வில்லா? ரெண்டுல ஒண்ணை விட்டுடுங்க. இல்லேன்னா தோளே ரெண்டையும் விட வெச்சிடும்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடைசி மகள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷை விட முடியாது. ஆக, வில்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெயிண்டருக்கு உள்ளுக்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாரத்தில் அந்த மூன்று மணி நேரம் மட்டும்தான் யாரும் அவரிடம் எதுவும் கேட்காத நேரம். அதுவும் போனால் மிச்சம் என்ன? கூரையும் படுக்கையும்தான்.

பதினாறு வருடத்துக்கு முன்னால் ஊரில் இருந்த வில்வித்தை மைதானத்தின் கூடத்துக்கு வெள்ளை அடிக்கப் போனவர், சாப்பாட்டு நேரத்தில் ஒரு நெடுவில்லை எடுத்து இழுத்துப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்த பித்து. நெடுவில் என்பது ஆள் உயரத்துக்கு ஒரே கட்டை. நாண் மாட்டினால் வில், கழற்றினால் வெறும் கம்பு. குறி பார்க்க ஊசி கிடையாது, அம்பை வைக்கத் தாங்கி கிடையாது; அம்பு வில்லைப் பிடித்த முஷ்டியின் மேலேயே உட்காரும். இழுக்க இழுக்கக் கனம் ஏறும். நாண் கன்னத்தைத் தொடும்போது கனம் உச்சத்தில் இருக்கும். அங்கே நிற்க முடியாது. தொட்டதும் விட்டுவிட வேண்டும். நின்றால் கை உதறும்.

மைதானத்தில் மற்றவர்களும் இருந்தார்கள். ரிகர்வ் வில்காரர்கள் ஒரு கூட்டம்; அவர்களுடைய வில்லின் இரண்டு நுனியும் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும், கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். காம்பவுண்ட் வில்காரர்கள் இன்னொரு கூட்டம். அந்த வில்லில் மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறுகள். பெயிண்டர் அதை வில் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. "என்னப்பா, சைக்கிளுக்குக் காத்து அடிச்சாச்சா?" என்று வாராவாரம் கேட்பார். பதினாறு வருடமாக ஒரே ஜோக்.

அடுத்த ஞாயிறு, மைதானத்தில் தன் வில்லை வைத்திருந்த அலமாரியின் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். மனைவியும் கூடவே வந்தாள். தனியாக அனுப்பினால் மனுஷன் இரண்டு அம்பு விட்டுவிட்டுத்தான் வருவார் என்று அவளுக்குத் தெரியாதா? மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் சாவியை வாங்காமல் விஷயத்தைக் கேட்டார்.

"ஏங்க, கனம் இல்லாத வில்லுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதா?" என்றாள் மனைவி.

"கனமில்லாம வில்லு ஏது தங்கச்சி? ரிகர்வ் கொஞ்சம் மெத்துன்னு இழுபடும். ஆனா கடைசிக் கனம் அதுலயும் நம்ம கையிலதான். அந்தச் சக்கரம் வெச்சது இருக்கே, அது வேற சாதி. பெயிண்டர்தான் அதைத் தொடவே மாட்டாரே."

"அதுக்கு நான் பேசாம வீட்ல உட்கார்ந்திருப்பேன்" என்றார் பெயிண்டர்.

"உட்காருவீங்க. உட்கார்ந்து என் உயிரை வாங்குவீங்க. பிடிச்சுத்தான் பாருங்களேன், கையிலயா ஒட்டிக்கப் போகுது?"

மைதானத்துக்காரர் பயிற்சிக்கு வைத்திருந்த காம்பவுண்ட் வில்லின் திருகாணிகளைத் திருகி, முப்பது பவுண்டுக்குக் குறைத்து, பெயிண்டரின் கைநீளத்துக்குத் தக்கபடி மாற்றிக் கொடுத்தார். மணிக்கட்டில் கொக்கி வைத்த ஒரு விசையைக் கட்டிவிட்டார். நாணைப் பிடித்து இழுப்பதும், அழுத்தினால் விடுவதும் அதுதான். பெயிண்டர் வேண்டாவெறுப்பாக அம்பை மாட்டி இழுத்தார். பாதி தூரம் கனமாகத்தான் வந்தது. தோள் முனகியது. இனிமேல்தான் உச்சம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை இறுக்கினார். அந்த நேரம் பார்த்து, கையிலிருந்த கனம் பொசுக்கென்று காணாமல் போயிற்று.

"ஐயையோ, உடைச்சிட்டேன்!"

பதறிப்போய்க் கையைத் தளர்த்தினார். வில் வெடுக்கென்று முன்னால் இழுக்க, இரண்டடி தடுமாறி நின்றார். அம்பு கழன்று தரையில் விழுந்தது. மைதானத்துக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உடையல பெயிண்டரே. அதோட வேலையே அதுதான். சக்கரம் திரும்பினதும் கனத்தை அது வாங்கிக்கும். நம்ம கையில ஏழெட்டு பவுண்டுதான் நிக்கும். மறுபடி இழுங்க. இழுத்துட்டு சும்மா நில்லுங்க."

அம்பை எடுத்து மாட்டி மறுபடி இழுத்தார். கனம் ஏறியது, இறங்கியது. நின்றார். கை உதறவில்லை. மூச்சு தானாக வந்து போயிற்று. ஐம்பத்து மூன்று வயதில், முழுக்க இழுத்த வில்லோடு ஒரு மனிதர் சும்மா நின்றார். அவர் வாழ்க்கையில் எதுவும் இப்படி நடந்ததில்லை. தம்பி படிப்பு, தங்கை கல்யாணம், படுக்கையில் கிடந்த அப்பா, மூன்று பெண்கள்; ஒவ்வொன்றும் முடியப்போகிற இடத்தில்தான் அதிகம் கனத்தது. வேலை என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தார். அதில் ஒரு பெருமையும் பட்டிருந்தார்.

விசையை அழுத்தினார். அம்பு எங்கே பட்டது என்று பார்க்கவே இல்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "பதினாறு வருஷமா சைக்கிள் சைக்கிள்னு சொல்லிட்டு இருந்தேனே" என்றார்.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கும் ஒருதரம் கொடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

உனக்கு எதுக்கு என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அப்போதுதான் அவள் கையைப் பார்த்தார். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கிப் பிழியும் கை. இருபத்திரண்டு வருடம். அந்தக் கைக்கு வலிக்குமா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

மைதானத்துக்காரர் வில்லை அவள் அளவுக்குக் குறைத்தார். தோளை எப்படி வைப்பது, விரலை எங்கே ஒதுக்குவது என்று சொல்லிக்கொடுத்தார். அவள் இழுத்தாள். முழங்கை நடுங்கியது, உதட்டைக் கடித்தாள், இழுத்தாள். சக்கரம் திரும்பியது. அவள் பதறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"விடலாம் தங்கச்சி" என்றார் மைதானத்துக்காரர்.

அவள் விடவில்லை.

"தங்கச்சி, விடலாம்."

"இருக்கட்டும்" என்றார் பெயிண்டர். "கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."